மரக்காலும் மனநோயும்

2023-ஆம் ஆண்டு அக்டோபரில், பொதுக்காலம் 27-ஆம் ஞாயிறன்று, மத்தேயு நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்திலுள்ள குத்தகைக்காரர் உவமையைக் குறித்து மறையுரை ஆற்றினேன். நிலக்கிழார் ஒருவர் திராட்சைத் தோட்டம் போட்டு, வேலி அடைத்து, குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூர் செல்கிறார். அறுவடைக் காலத்தில் தமக்குரிய பங்கைப் பெற்றுவர ஆளனுப்புகிறார். வந்தவர்களைக் குத்தகைக்காரர்கள் அடிக்கிறார்கள், கொல்கிறார்கள்; கடைசியில் மகனையும் கொன்றுவிடுகிறார்கள். நிலக்கிழார் இறைவன், தோட்டம் இஸ்ரயேல், ஆள்கள் இறைவாக்கினர், மகன் கிறிஸ்து என்று குருமடத்தில் கற்றபடியே விளக்கி முடித்தேன்.

திருப்பலிக்குப் பின், மண்டைவெளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல் பார்க்கும் பெரியவர் என்னிடம் வந்தார். நாகை மாவட்டத்துக்காரர், குத்தகை நிலம் உழுத குடும்பம். "சாமி, அந்தக் குத்தகைக்காரங்க ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே?" என்றார். "கதையில் அது இல்லை, பெரியவரே" என்றேன். அவர் சிறிது நேரம் நின்றார். "எந்த மரக்கால்ல அளந்தாங்களோ" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அந்த டிசம்பரில் எங்கள் பங்கின் வாசகர் வட்டம் எடுத்துக்கொண்ட நூல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. நூலைத் தேர்ந்தது தற்செயல். ஆனால் பெரியவரின் கேள்வி காதில் ஒலித்துக்கொண்டிருக்க அதனை மீண்டும் படித்தபோது, 1990-களில் குருமட மாணவனாகப் படித்து வியந்த அந்நாவல் எனக்கு வேறொரு நூலாகத் தெரிந்தது.

'குருதிப்புனல்' 1975-இல் வெளிவந்தது. 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1983-இல் ஸ்ரீதர்ராஜன் இயக்கத்தில் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்று திரைப்படமாகவும் ஆனது. அதன் கரு கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தில், நாகப்பட்டினத்தை அடுத்த அச்சிற்றூரில், ராமையா என்பவரின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த தலித் மக்கள் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லை அரைப்படி கூட்டித் தருமாறு கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்தவை. நாம் மாட்டுக்குடில் அமைத்து, வைக்கோல் பரப்பி, பாலன் பிறப்பைக் கொண்டாடிய அதே இரவு. பெசன்ட் நகரிலிருந்தும் சாந்தோமிலிருந்தும் ஆண்டுதோறும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் நம்மவர், அத்திருத்தலத்துக்கு மேற்கே சில மைல் தொலைவில்தான் வெண்மணி இருக்கிறது என்பதை அறிந்திருக்கிறார்களா? வாசகர் வட்டத்தில் கேட்டேன். பதினான்கு பேரில் மூவர் அறிந்திருந்தனர்.

நாவலுக்கு வருவோம். தில்லியிலிருந்து வந்து கிராமத்தில் தங்கிவிட்ட கோபால், அவரைத் தேடி வரும் நண்பர் சிவா என்ற படித்தவர் இருவரின் கண்களின் வழியே பெரும்பாலும் கதை விரிகிறது. இந்திரா பார்த்தசாரதியின் உரையாடலில் உள்ள கூர்மையும் எள்ளலும் இங்கும் குறைவின்றி உள்ளன. அறிவாளிகளின் தயக்கத்தை, செயலுக்கும் சிந்தனைக்கும் இடையே அவர்கள் தடுமாறுவதை, அவரைப்போல் தமிழில் எழுதியவர் சிலரே. எழுபதுகளின் நடுவில், கல்கியும் அகிலனும் படித்து வளர்ந்த நடுத்தர வகுப்பு வாசகரை வெண்மணியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திய துணிவு அவருடையது. இதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் நாவலின் அச்சாணி வேறிடத்தில் இருக்கிறது. நிலக்கிழார் கண்ணையா நாயுடு ஆண்மையற்றவர். அக்குறையை ஊரறியாமல் மறைக்கப் பெண்களைத் தேடிப்போகிறார், பறித்துக்கொள்கிறார். அதிகாரம் அவருக்கு உடற்குறையை மறைக்கும் போர்வை. குடிசைகள் பற்றி எரிவதற்கு முன்னரே அவர் உள்ளத்தில் ஒரு நெருப்பு எரிகிறது. அது காமத்தோல்வியின் நெருப்பு. அரைப்படி நெல் கதையில் இல்லாமலில்லை. ஆனால் நம்மை இழுத்துச் செல்லும் விசை அரைப்படியில் இல்லை. அந்த மனிதரின் அந்தரங்கத்தில் இருக்கிறது.

நாவல் வந்த காலத்திலேயே இடதுசாரித் திறனாய்வாளர்கள் இதைக் கண்டித்தனர். வர்க்கப் போராட்டத்தை ஃபிராய்டிய நோய்க்குறிப்பாகக் குறுக்கிவிட்டார் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அன்று அது எனக்குக் கட்சிக்காரர்களின் பேச்சாகப் பட்டது. 'எழுத்தாளன் மனித உள்ளத்தை ஆராய்வது தவறா? பாவம் உள்ளத்திலிருந்துதானே பிறக்கிறது?' என்று குருமடத்து விவாதத்தில் நானே நாவலின் பக்கம் நின்று பேசினேன். கைதட்டலும் கிடைத்தது. இன்று அந்தக் கைதட்டலை நினைத்தால் கூசுகிறது.

நான் இப்போது சொல்ல விரும்புவது கட்சி சார்ந்ததன்று. 'குருதிப்புனலோடு' இன்னொரு நூலையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே. அது ஒரு தீர்ப்பு.

1970-இல் அமர்வு நீதிமன்றம் வெண்மணி வழக்கில் நிலக்கிழார் தரப்பினர் எண்மருக்குத் தண்டனை விதித்தது. 1973-இல் நமது நகரின் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் இடம்பெற்ற ஒரு கருத்து இன்றளவும் பேசப்படுகிறது. இவர்கள் பெருநிலம் உடையவர்கள். ஒருவர் கார் வைத்திருப்பவர். இத்தகையோர் ஆள்வைத்துச் செய்யாமல், தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பர் என நம்புவது கடினம் என்பது அக்கருத்து. சாட்சியங்களில் குறையிருந்ததா என்பது சட்டம் அறிந்தவர் பேசவேண்டியது. நான் பார்ப்பது அச்சொற்களுக்குப் பின்னுள்ள கற்பனையை. மரியாதைக்குரியவர் என்பதால் செய்திருக்க மாட்டார் என்று தீர்ப்பு எண்ணியது. செய்தார் என்றால் அவர் இயல்பானவராக இருந்திருக்க முடியாது என்று இரண்டாண்டு கழித்து வந்த நாவல் எண்ணியது. ஒன்று விடுதலை செய்தது, மற்றது குற்றவாளியாக்கியது. ஆனால் இரண்டும் நம்பியது ஒன்றையே: உடல்நலமும் மனநலமும் உள்ள, கோயிலுக்குப் போகிற, பெண்டாட்டி பிள்ளைகளிடம் அன்பாயிருக்கிற ஒரு மிராசுதார் இதைச் செய்யமாட்டார்.

திருச்சபை இதை நம்புவதில்லை என்றுதான் நான் கற்றேன். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் வெளியிட்ட சமூக அக்கறை பற்றிய சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகள் என்பதைக் குறித்துப் பேசினார். அவை தானாக முளைப்பவையல்ல, தனி மனிதரின் பாவங்களில் வேரூன்றியவை என்பதையும் அவர் விடாமல் சொன்னார். ஆகவே தனி மனிதரைத் தேடிப்போனது 'குருதிப்புனலின்' பிழையன்று. தேடிப்போய், அங்கே பாவத்தைக் காணாமல் நோயைக் கண்டு திரும்பியதே பிழை. சக்கேயு மனம் மாறியபோது எதைப் பற்றிப் பேசினார் என்று நினைத்துப் பாருங்கள். தம் உள்ளத்தின் புண்களைப் பற்றியா? கணக்கைப் பற்றி. பாதி ஏழைகளுக்கு, ஏய்த்துப் பெற்றதற்கு நான்கு மடங்கு.

தஞ்சைத் தரணியின் கணக்கு எத்தகையது? நிலம் மிராசுதாருடையது. அவர் ஊரிலேயே இருந்து பண்ணையாள்களை வைத்து உழுவிப்பார். அல்லது குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டுவிட்டுக் கும்பகோணத்திலோ மயிலாப்பூரிலோ இருப்பார். குத்தகை என்றால் விளைந்தாலும் பொய்த்தாலும் குறித்த கலம் நெல். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. குத்தகைக்காரருக்குக் கீழே நிலமற்ற கூலிகள். வெண்மணியில் எரிந்தவர்கள் குத்தகைக்காரர்கள் அல்லர், இந்த ஏணியின் கடைசிப் படியில் இருந்த கூலிகள். இந்த வேறுபாட்டை மறைக்கலாகாது. ஆனால் ஏணி ஒன்றே. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, வாரத்தில் உழுபவருக்கு ஐந்தில் இரண்டு பங்கேனும் கிடைக்க வேண்டும் என்று சட்டம் போட்டுச் சொல்லவேண்டியிருந்தது. அதற்கு முன் என்ன கிடைத்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய் நிலத்தில் நிலக்கிழாரின் பங்கை நூற்றுக்கு 40 என வரையறுத்தது. இவையெல்லாம் தாளில். களத்துமேட்டில் ஆட்சி செய்தது மரக்கால். கொடுக்கும்போது தலைதட்டி அளப்பதும், வாங்கும்போது கோபுரமாகக் குவித்து அளப்பதும், இரண்டு மரக்கால் வைத்திருப்பதும் கதைகளல்ல. லேவியர் நூலில் நேர்மையான அளவைகளைப் பற்றிய கட்டளையைத் தமிழாக்கிய பழைய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் 'மரக்கால்', 'படி' என்ற சொற்களையே இட்டார். தம் வாசகர் எங்கே ஏமாற்றப்படுகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது!

நம் நாவலாசிரியருள்ளும் இது தெரிந்தவர்கள் உண்டு. டி. செல்வராஜ் 1960-களில் எழுதிய 'மலரும் சருகும்' நெல்லைச் சீமை உழவர்கள் முத்திரை மரக்கால் கேட்டுப் போராடியதைப் பேசுகிறது. அரசு முத்திரை குத்திய அளவையால் அளந்துகொடு என்பது எவ்வளவு எளிய கோரிக்கை! அதற்காக ஒரு நாவலே வேண்டியிருந்தது. விருதுகளும் திரைப்படமும் அந்நாவலைத் தேடி வரவில்லை. எழுத்தாளர் நெடுங்காலம் காத்திருந்து, 2012-இல் 'தோல்' நாவலுக்காகவே சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

மிராசுதார் நல்லவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, நம் ஊரைவிட்டு வெகுதூரத்திலிருந்து ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றங்கரையில், டச்சுக்காரர் காலத்தில் 'பட்ரூன்' எனப்படும் பெருநிலக்கிழார்கள் தோன்றினர். அவருள் பெரியது வான் ரென்சலர் குடும்பம். அவர்களிடம் நிலம் பெற்ற குடியானவர், நூறு ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து முதல் பதினான்கு புஷல் கோதுமையும், நான்கு கொழுத்த கோழிகளும், வண்டியும் குதிரையுமாக ஒருநாள் வேலையும் தரவேண்டும். நிலத்தை விற்றால் விலையில் கால் பங்கு நிலக்கிழாருக்கு. அமெரிக்கா விடுதலை பெற்ற பின்னும் இது தொடர்ந்தது. கோழி கொண்டுபோய்ப் பண்ணைவீட்டு வாசலில் நிற்பது நம் பாட்டன்மாருக்கும் புதிதல்லவே.

மூன்றாம் ஸ்டீபன் வான் ரென்சலருக்கு 'நல்ல பட்ரூன்' என்றே பெயர். வற்றிய ஆண்டுகளில் பாக்கியை வற்புறுத்தமாட்டார், பொறுத்துக்கொள்வார். ஆனால் பாக்கியைக் கணக்கிலிருந்து அடிக்கவுமில்லை. 1839-இல் அவர் இறந்தபோது, நிலுவையெல்லாம் வசூலிக்கப்பட வேண்டும் என்று உயில் சொன்னது. நல்லவரின் ஏட்டில் அமைதியாக வளர்ந்த பாக்கி அவருக்குப் பின் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தலையில் விழுந்தது. அதிலிருந்துதான் குத்தகை எதிர்ப்புக் கிளர்ச்சி வெடித்தது; 1846-இல் மாநிலத்தின் புதிய அரசியல் சட்டம் பண்ணை நிலக்குத்தகைக்குப் பன்னிரண்டு ஆண்டு என்று வரம்பு கட்டியது. அக்கிளர்ச்சியை வைத்து ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1845, 1846 ஆண்டுகளில் மூன்று நாவல்கள் எழுதினார். மூன்றும் நிலக்கிழார் பக்கம். அவரும் நிலக்கிழாரின் மகன். கண்ணியமான நிலக்கிழார்கள், நன்றிகெட்ட குடியானவர்கள். ஒரு தேசத்தின் புகழ்பெற்ற நாவலாசிரியருக்கே, நல்ல மனிதரின் கணக்கேட்டில் இருப்பது அநீதியாகத் தோன்றவில்லை. கூப்பரை நாம் பழிக்கலாம். ஆனால் கண்ணையா நாயுடுவைத் தீயவராக வரைந்த நாவலும், ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்துக் கனவான்களைப் போற்றிய நாவலும், கேள்வி கேட்கும் இடத்தில் ஒன்றுபடுகின்றன: 'இந்த மனிதர் எப்படிப்பட்டவர்?' என்ற ஒரே கேள்வி. பெரியவரின் கேள்வி அதுவன்று.

இதனால் நமக்கென்ன என்று வாசகர் வட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மயிலாப்பூரின் வழக்கறிஞர் வீடுகள் பலவற்றின் வேர் காவிரிக் கரையில். மாட வீதிகளில் குத்தகை நெல் உண்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் விலக்கல்ல. எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "எங்களுக்கும் மன்னார்குடிப் பக்கம் ஏழு ஏக்கர் இருந்தது, ஃபாதர். தை பிறந்தால் மூட்டை வரும். யார் அனுப்பினார்கள் என்று நான் அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை" என்றார். 'குருதிப்புனல்' படித்து அவர் அழுதிருக்கிறார், இரண்டு முறை. அந்த நாவலில் அவருக்கு இடமில்லை. மூட்டையைப் பெற்றுக்கொண்ட சிறுமிக்கோ, அவருடைய சாதுவான அப்பாவுக்கோ கண்ணையா நாயுடுவிடம் தங்கள் முகத்தைக் காண வழியில்லை. படித்து, அதிர்ந்து, 'எவ்வளவு கொடியவன்!' என்று சொல்லிவிட்டு, கைகழுவிக்கொண்டு எழுந்துவிடலாம். கலைநயம் மிக்க ஒரு நாவல் தன் வாசகருக்குச் செய்யக்கூடிய தீங்கு இது என்று கருதுகிறேன்.

அவரைச் சொல்லிவிட்டு என்னை மறைப்பது முறையாகாது. குருவான புதிதில் ஏரிப்பாசனக் கிராமப் பங்கு ஒன்றில் இருந்தேன். கோயிலுக்குச் சிறிது நன்செய் உண்டு, குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம் பொதுச் சமய அறக்கட்டளைகளின் நிலத்துக்கு விலக்கு அளித்தது. கோயிலென்றாலும் மாதா கோயிலென்றாலும் அது பொருந்தும். அவ்விலக்கு எதன்பொருட்டு என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஏரி நிரம்பாத ஓராண்டில் குத்தகைக்காரர் ஒருவர் பாக்கி வைத்தார். நிலத்தை வேறொருவருக்கு மாற்றிவிடப்போவதாக அறிவிப்பு எழுதிக் கையொப்பமிட்டேன். கோபமாகக்கூட எழுதவில்லை. கையெழுத்து அழகாக இருந்தது என்பது நினைவிருக்கிறது. மறுநாள் காலை வழக்கம்போல் திருப்பலி நிறைவேற்றினேன். அம்மனிதர் கடைசி வரிசையில் இருந்தார். நன்மை வாங்க வரவில்லை. ஏனென்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 71-ஆம் எண்ணில், பெருநிலங்களில் கூலிக்கும் குத்தகைக்கும் உழைப்பவர் மனித மாண்புக்கு ஒவ்வாத வருவாயில் வாழ்வதைக் கண்டித்துச் சீர்திருத்தம் கோரியதைத் தேர்வில் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெற்றவன் நான்.

எங்களைப் போன்றவர்களுக்கு இடம் தருகிற நாவல் தமிழில் உண்டா? உண்டு. ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்', 1991-இல் வந்தது. மணலூர் மணியம்மாள் என்ற உண்மைப் பெண்ணின் வாழ்வை அது நாவலாக்குகிறது. நிலமுள்ள அந்தணர் குடும்பத்துப் பெண். இளமையில் கைம்பெண் ஆனவர். பண்ணையைத் தாமே மேற்பார்க்கப் போய், பண்ணையாள்களின் வாழ்வைக் கண்டு, தம் வகுப்பைவிட்டு அவர்கள் பக்கம் நடந்தவர். முடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் உடுத்தி, சிலம்பம் பழகி, தஞ்சை உழவர் இயக்கத்தில் முன்னின்றவர். 1953-இல் ஒரு மான் கொம்பால் முட்டி அவர் இறந்தார். கற்பனையில் எழுதியிருந்தால் நாமே நம்பியிருக்கமாட்டோம்.

நடையில் இந்நூல் 'குருதிப்புனலுக்கு' ஈடாகாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். களஆய்வுக் குறிப்புகள் சில இடங்களில் கரையாமல் நிற்கின்றன. தலைவர்களின் பெயர்களும் கூட்டங்களும் வரிசையாக வந்து கதையை நிறுத்திவிடுகின்றன. வட்டத்தில் இளையவர் இருவர் அறுபதாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டதாக ஒப்புக்கொண்டனர். ஆனால் அநீதி இங்கே அரக்கர் வடிவில் வருவதில்லை. உறவினர் வடிவில், பூசை செய்கிறவர் வடிவில், காலங்காலமாக நடப்பதுதானே என்ற பேச்சின் வடிவில் வருகிறது. அப்பெண் எதிர்த்து நிற்பது தம் வீட்டின் நெற்குதிரை. தம் வயிற்றுச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் ஒருத்தியைத் தலைவியாக்கியதால், அந்த ஆசிரியை இந்நாவலில் தமக்கொரு நாற்காலி இருப்பதைக் கண்டார். அழவில்லை. தம் தந்தையின் பழைய கணக்கு நோட்டு அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும் என்றார்.

உவமைக்குத் திரும்பவேண்டும், பெரியவர் காத்திருக்கிறார். உவமையின் மரபான பொருளை நான் விட்டுவிடவில்லை. மகன் கொல்லப்பட்டதே அதன் மையம். ஆனால் அதை முதலில் கேட்டவருள் குத்தகை உழுதவர்கள் இருந்திருப்பர். வெளியூரில் வாழும் நிலக்கிழாரும், அறுவடைக்கு வந்து நிற்கும் ஆள்களும் அவர்களுக்குப் பழகிய காட்சி. ஆண்டவர் அந்த வலியை அறியாமலா அந்தப் படத்தைத் தேர்ந்துகொண்டார்? நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் அன்னியரும் குடியிருப்போருமே என்று லேவியர் 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அறிவிக்கும் கருத்தை உவமையின் அருகில் வைத்தால், குத்தகைக்காரர் என்ற சொல் மண்டைவெளிப் பெரியவரை மட்டும் குறிப்பதாகத் தெரியவில்லை. பட்டா வைத்திருந்த மிராசுதாரும், கோயில் நிலத்துக்கு அறிவிப்பு எழுதிய நானும் அதில் அடங்குவோம். நாங்கள் பங்கைக் கொடுக்க மறுத்தவர்கள். மறையுரையில் இதைச் சொல்லவில்லை. எனக்கே அன்று தெரியவில்லை.

டிசம்பர் கூட்டத்துக்குப் பிறகு 'குருதிப்புனலை' அப்பெரியவரிடம் கொடுத்தேன். அவருக்குக் கண் தெரியாது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி இரவில் வாசித்துக் காட்டினாள். மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா எழுதியிருக்காரு, சாமி. அந்த ஆளு பாவம், சீக்காளி" என்றார். பிறகு, "எங்க மிராசுதாரு சீக்காளி இல்ல. நல்ல மனுசன். எங்க அம்மா செத்தப்ப வீட்டுக்கே வந்தாரு. மரக்கால் மட்டும் ரெண்டு வெச்சிருந்தாரு" என்றார்.

'பாதையில் பதிந்த அடிகள்' இப்போது பேத்தியிடம் இருக்கிறது.